வீல் பேன்ட் வெட்ட எதை வாங்கலாம்: வைரத் தட்டு, அதிர்பிளேடு, கார்பைடு பாளம்

வீட்டில் கட்டும் சிறு விமானத்தின் கிட்டில் வரும் ஃபைபர்கிளாஸ் வீல் பேன்ட், அதாவது காற்றிழுவை குறையச் சக்கரத்தை மூடும் கூடு, பெட்டியிலிருந்து எடுத்ததும் சக்கரத்தில் மாட்டிவிடக்கூடிய பொருள் அல்ல. முன்பாதி, பின்பாதி இரண்டின் விளிம்பிலும் அச்சுக்காக விட்ட உபரி இருக்கும். டயர் வெளியே வரும் வாய் சிலவற்றில் முழுக்க அடைத்திருக்கும், சிலவற்றில் தேவையைவிடக் குறுகலாக இருக்கும். லேண்டிங் கியர் கால் நுழைய ஒரு பிளவு, காற்றடிக்க ஒரு துளை, பேன்டைத் தாங்கும் பிராக்கெட்டின் ஸ்க்ரூக்களுக்கு வரிசையாகத் துளைகள். இத்தனையும் கட்டுபவர் கையால் வெட்டியாக வேண்டும். இந்த வேலைக்குப் பொதுவாக வாங்கப்படும் மூன்று கருவிகளை இங்கே எடைபோடுகிறோம்: சுழல்கருவியில் மாட்டும் வெட்டுத்தட்டு, அதிர்ந்து வெட்டும் மல்டிடூல், கார்பைடு குருணை பதித்த தேய்ப்புப் பாளம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் பாளத்தை வாங்குங்கள். ஒரு ஹாக்ஸா பிளேடும் நல்ல பாளமும் இருந்தால் இரண்டு சக்கரத்துக்கும் வேலையை முடித்துவிடலாம். உயர்தர வெட்டுத்தட்டு இருந்து பாளம் இல்லையென்றால் விளிம்பு அலையலையாகத்தான் நிற்கும். கோட்டின் மேலேயே வெட்டிவிடலாம் என்ற நம்பிக்கைதான் இந்த வேலையில் அதிகம் கெடுக்கிறது. கோட்டுக்கு ஒரு நூல் (சுமார் 3 மி.மீ.) வெளியே, கழிக்கப்போகும் பக்கத்தில் வெட்டி, மிச்சத்தைத் தேய்த்துக் கோட்டுக்குக் கொண்டுவருவதுதான் வழி.

காரணம் பொருளிலேயே இருக்கிறது. ஃபைபர்கிளாஸில் இரண்டு எதிரிகள் ஒரே வீட்டில் குடியிருக்கிறார்கள். கண்ணாடி இழை எஃகுப் பல்லைத் தேய்த்து மழுக்கும். இழைகளைப் பிணைக்கும் ரெசின் சூட்டில் இளகிப் பல்லிடுக்கை அடைக்கும். மேலே பூசியிருக்கும் ஜெல்கோட்டில் இழையே கிடையாது, அதனால் அது ஓடுபோல நொறுங்கும். வேகமாக வெட்டினால் ரெசின் தீயும். மெதுவாகப் பல் கடித்து வெட்டினால் ஜெல்கோட் பொத்துக்கொண்டு போகும். தகரக் கத்தரியால் நறுக்கிப் பார்த்தால் இன்னொரு கேடு தெரியும்: விளிம்பை ஒட்டி வெள்ளையாக ஒரு பட்டை ஓடும். அது அடுக்குகள் நசுங்கிப் பிரிந்த இடம். அந்த வெள்ளை முழுதும் தேய்ந்து போகும்வரை விளிம்பில் பலம் இல்லை.

சுழல்கருவியும் வெட்டுத்தட்டும்

டிரெமெல் மாதிரிச் சுழல்கருவி பெரும்பாலான பட்டறையில் ஏற்கெனவே இருக்கும், ஆகவே கேள்வி தட்டைப் பற்றியதுதான். டிரெமெல் வரிசையில் 409 என்ற சிறிய, மெல்லிய எமரித் தட்டைக் கையோடு ஒதுக்கிவிடலாம். அதில் வலைப்பின்னல் இல்லை. கை சற்றுத் திரும்பினாலே துண்டாகி முகத்தை நோக்கிப் பறக்கும். எளிதில் கழற்றி மாட்டும் ஈஸி லாக் வகையில் வரும் 38 மி.மீ. தட்டு 456 கண்ணாடி இழை வலை பின்னியது. உலோகத்துக்கென்று விற்றாலும் ஃபைபர்கிளாஸை நன்றாகவே வெட்டுகிறது. பயன்படுத்தப் பயன்படுத்தச் சிறுத்துக்கொண்டே வரும், அதனால் பாதி ஆயுளுக்குப் பிறகு கருவியின் மூக்கு பேன்டில் இடிக்கத் தொடங்கும். வளைவின் உட்பக்கத்தில் இந்தத் தொல்லை அதிகம்.

வைரம் பூசிய தட்டு சிறுக்காது. வெட்டின் ஆழம் முதல் நாள் போலவே கடைசி நாளும் இருக்கும், உடைந்து தெறிக்கும் பயமும் மிகக் குறைவு. ஆனால் வைரத் தட்டு பழுதாவது தேய்ந்து அல்ல, அடைத்து. ரெசின் உருகி வைரப் பொடிமேல் பளபளவென்று ஒரு தோல் போர்த்திவிடும். அப்புறம் அது வெட்டாது, உரசிச் சூடேற்றும். தட்டு செத்துவிட்டது என்று தூக்கிப் போடுபவர்கள் பெரும்பாலும் இந்தத் தோலைப் பார்த்துத்தான் போடுகிறார்கள். ஒரு செங்கல் துண்டிலோ பழைய சாணைக்கல்லிலோ இரண்டு மூன்று முறை வெட்டு போட்டால் தோல் உரிந்து வைரம் மறுபடி வெளியே வரும்.

வேகம்தான் இங்கே விஷயம். 38 மி.மீ. தட்டு நிமிடத்துக்கு 35,000 சுற்று ஓடினால் அதன் விளிம்பு விநாடிக்கு ஏறக்குறைய 70 மீட்டர் ஓடுகிறது. அந்த வேகத்தில் ரெசின் வெட்டுப்படுவதற்கு முன்பே வெந்துபோகும். 15,000 முதல் 20,000 சுற்றுக்குள் வைத்து, அழுத்தாமல், கருவியின் எடையை மட்டும் கொடுத்து நகர்த்தினால் தூள் வெள்ளையாக வரும். தூள் பழுப்பாகி, கருகிய வாடை அடித்தால் அழுத்துகிறீர்கள் என்று பொருள், அல்லது தட்டு அடைத்துவிட்டது.

தட்டின் உண்மையான குறை வளைவு. நேரான தட்டு நேர்கோட்டைத்தான் வெட்டும். டயர் வாயின் இரு முனைகளிலும் வரும் இறுக்கமான வளைவில் 38 மி.மீ. தட்டைத் திருப்பினால் வெட்டுக்குள் சிக்கி உதறும். உதறல் வந்த இடத்தில் கோட்டுக்கு உள்ளே ஒரு பள்ளம் விழுந்திருக்கும். அங்கே 22 மி.மீ. வைரத் தட்டு 545 உதவும். அதுவும் கடினமானால் வளைவைச் சின்னச் சின்ன நேர்வெட்டுகளாக, பலகோணம்போல வெட்டி விட்டு, மூலைகளைத் தேய்த்து உருட்டுவதே நல்லது. திருகுப்பல் கொண்ட 561 போன்ற வெட்டும் பிட்டை இதற்கு எடுப்பவர்கள் உண்டு. அது எந்தப் பக்கமும் போகும் என்பதே அதன் கெடுதல்: இழையின் வாக்கில் தானாகவே இழுத்துக்கொண்டு ஓடும். கைப்பிடியை நம்பி அதைக் கோட்டருகே கொண்டுபோக வேண்டாம்.

அதிரும் மல்டிடூல்

சுழல்கருவியோடு ஒப்பிட்டால் இது அமைதியான பிராணி. பிளேடு சுழலாமல் சில டிகிரி அளவு அங்குமிங்கும் ஆடுவதால் தூளை அறை முழுக்க வீசாமல் அருகிலேயே கொட்டுகிறது. வேக்குவம் குழாயைப் பக்கத்தில் பிடித்தால் பெரும்பகுதி உள்ளே போய்விடும். கார்பைடு குருணையோ வைரமோ பூசிய அரைவட்ட பிளேடை மாட்டுங்கள். மரத்துக்கான பல் பிளேடு ஒரு பேன்ட் முடிவதற்குள் வழுக்கையாகிவிடும். முன்பாதியின் நீண்ட நேர்விளிம்பை வெட்ட மூன்றில் இதுவே சிறந்தது. கட்டுப்பாடு நன்றாக இருக்கிறது, வழுக்கி ஓடினாலும் பெரிய காயம் போடாது.

குறை இரண்டு. தாங்கல் இல்லாத மெல்லிய சுவர் பிளேடோடு சேர்ந்து ஆடும். அப்போது வெட்டு நின்றுபோகும், ஜெல்கோட்டில் மயிரிழை விரிசல் ஓடும். உள்ளே ஒரு ஃபோம் துண்டையோ மணல் பையையோ முட்டுக் கொடுத்தால் ஆட்டம் அடங்கும். இரண்டாவது, காலுக்கான பிளவின் குறுகிய உள்மூலையில் அரைவட்ட பிளேடின் முனை கோட்டைத் தாண்டி ஒரு கீறல் விடும். அதனால் உள்மூலையில் முதலில் 6 முதல் 10 மி.மீ. துளை ஒன்று போட்டுவிட்டு, துளை வரைக்கும் வெட்டி நிறுத்த வேண்டும். இது எந்தக் கருவிக்கும் பொருந்தும்: சதுரமாக விட்ட உள்மூலை ஓடுபாதையின் அதிர்ச்சியில் விரிசல் விட ஆரம்பிக்கும் இடம்.

ஜிக்சாவைப் பற்றி ஒரு வரி. சாதாரண பிளேடு மேல்நோக்கி வரும்போது வெட்டுகிறது, ஜெல்கோட் மேலே இருந்தால் பொத்துவிடும். வேறு கருவியே இல்லையென்றால் பேன்டைத் திருப்பி உட்பக்கத்திலிருந்து வெட்டுங்கள்.

கார்பைடு பாளம்

இதுதான் கதாநாயகன், ஆகவே கொஞ்சம் நின்று பார்க்கலாம். பெர்மா-கிரிட் பெயரில் வரும் பாளங்கள் பரவலாகத் தெரிந்தவை. டங்ஸ்டன் கார்பைடு குருணையை எஃகின் மேல் பற்றவைத்துச் செய்தவை, ஒரு பக்கம் கொரகொரப்பு, மறுபக்கம் நைஸ். மரக்கட்டையில் உப்புத்தாள் ஒட்டியும் இதே வேலையைச் செய்யலாம்தான். ஆனால் ஃபைபர்கிளாஸ் விளிம்பு கத்திபோல நின்று தாளைக் கிழிக்கும். கிழிந்த தாள் சுருண்டு விளிம்பை உருட்டிவிடும். கார்பைடு கிழிவதில்லை. கட்டை தட்டையாகவே இருப்பதால் மேடு மட்டும் தேய்கிறது, பள்ளம் தப்பிக்கிறது. அலை சமமாவது இப்படித்தான். விரலால் பிடித்துத் தேய்க்கும் தாள் மேட்டோடு பள்ளத்தையும் சேர்த்துத் தின்னும்.

பிடிக்கும் விதம்: பாளத்தை விளிம்புக்கு நேர்க்குத்தாக வைக்காமல் நீளவாக்கில், சுமார் 45 டிகிரி சாய்த்து, ஒரே இழுப்பில் நீண்ட தூரம் போங்கள். தள்ளும் திசை முக்கியம். ஜெல்கோட் பக்கத்திலிருந்து இழைப் பக்கம் நோக்கியே அழுத்தம் இருக்க வேண்டும். எதிர்த்திசையில் ஒரே ஒரு இழுப்பு போதும், ஜெல்கோட் செதில் செதிலாக எழும்பும். அரம் போட்டாலும் இதே விதிதான்.

முன்பாதியும் பின்பாதியும் சந்திக்கும் மூட்டில் பாளத்தின் மதிப்பு கண்ணுக்கே தெரியும். பெரும்பாலான கிட்டில் ஒரு பாதியின் விளிம்பு தாழ்ந்து, மற்ற பாதி அதன்மேல் உட்காரும். மேல் பாதியின் விளிம்பு அந்தப் படிக்கட்டோடு ஒட்டி நிற்க வேண்டும், ஆனால் முட்டக் கூடாது. இரு விளிம்பிலும் பெயின்ட் ஏறியபின் தடிமன் கூடும். இடைவெளி இல்லாமல் விட்டால் முதல் முறை கழற்றி மாட்டும்போதே பெயின்ட் உரியும். பழைய ஏடிஎம் அட்டையின் தடிமன் 0.76 மி.மீ. அது மூட்டு முழுவதும் சிக்காமல் ஓடினால் அளவு சரி. சிக்கும் இடத்தில் பென்சிலால் குறி போட்டு, கழற்றி, நைஸ் பக்கத்தால் நான்கு இழுப்பு, மறுபடி மாட்டிப் பார்ப்பது. பத்துப் பதினைந்து முறை கழற்றி மாட்டினால்தான் மூட்டு அமையும். அதற்குள் சலித்துப்போய் வெட்டுத்தட்டை எடுத்தால் பின்னர் பட்டி பார்த்து மேடாக்க வேண்டியிருக்கும்.

பாளத்தின் குறையையும் சொல்ல வேண்டும். முதலாவது விலை, உப்புத்தாளோடு ஒப்பிட்டால் அதிகம்தான். இரண்டாவது, ரெசின் முழுதாக உலராத இடத்தில் தேய்த்தால் குருணைக்குள் பிசின்போல் அப்பிக்கொள்ளும். அசிட்டோனில் ஊறவிட்டுப் பித்தளைக் கம்பி பிரஷால் தேய்த்தால் பெரும்பாலும் விடும். அலுமினியத்தில் உபயோகிக்காதீர்கள், மென்மையான உலோகம் குருணை இடுக்கில் அடைந்தால் எடுப்பது மகா தொல்லை. மூன்றாவது, உள்வளைவுக்குத் தட்டைப் பாளம் உதவாது. அங்கே உருளை வடிவக் கார்பைடு அரம், அல்லது சுழல்கருவியில் 13 மி.மீ. உருளையும் 60 நம்பர் தாளும். உருளையை மெதுவாக ஓட்டி, நிற்காமல் நகர்த்துங்கள். ஒரு நொடி நின்றால் பிறைபோல் ஒரு கவ்வு விழும்.

கருவி எதுவானாலும் கெடுக்கும் தவறு

வெட்டு நேராக இருந்தும் வீல் பேன்ட் கோணலாக நிற்பதுண்டு. அது குறிபோட்டதில் வந்த பிழை. ஸ்பிரிங் கியர் காலுள்ள விமானம் தரையில் நிற்கும்போது கால் விரிந்து சக்கரம் சாயும், பறக்கும்போது அப்படி இருக்காது. ஆகவே ஜாக்கி வைத்துச் சக்கரத்தின் மேல் எடை இல்லாமல், உடலை ரசமட்டம் பார்த்துப் பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்த பிறகே பேன்டைப் பொருத்திக் குறிபோட வேண்டும். தூக்குக்குண்டு விட்டு விமானத்தின் நடுக்கோட்டைத் தரையில் நூலடித்து, ஒவ்வொரு பேன்டின் மூக்கும் வாலும் அதிலிருந்து சம தூரம் இருக்கின்றனவா என்று அளக்கலாம். டயரின் உச்சிக்கும் பேன்டின் உட்கூரைக்கும் இடையே சுமார் 25 மி.மீ. கட்டை வைத்துக் கூரையை அதன்மேல் உட்கார வைப்பது வழக்கம். கிட்டின் வரைபடம் வேறு எண் சொன்னால் அந்த எண்தான்.

டயரையும் கவனியுங்கள். புது நைலான் டயர் காற்றடித்த முதல் நாளில் இழுபட்டுச் சற்றே பருக்கும். மாட்டிய அன்றே அளவெடுத்து வாயை வெட்டினால் அந்தப் பருமன் இடைவெளியைத் தின்றுவிடும். காற்றடித்து ஒரு நாள் விட்டு, அழுத்தத்தைத் திரும்பச் சரிபார்த்து, அப்புறம் அளவெடுங்கள்.

டயருக்கும் வாய் விளிம்புக்கும் இடைவெளி எவ்வளவு? பக்கவாட்டில் 12 மி.மீ.க்குக் குறைய வேண்டாம். தார் ஓடுபாதையில் மட்டும் இறங்குபவருக்கு அது போதும். புல்லிலும் சேற்றிலும் இறங்குபவர் 18 மி.மீ. விடட்டும். சேறு உள்ளே அப்பி உலர்ந்தால் டயரை அரமாக்கிவிடும். இடைவெளி குறைவாக இருந்தால் பக்கக்காற்றில் சாய்ந்து இறங்கும்போது டயர் ஒருபக்கம் நெளிந்து விளிம்பைத் தொடும். அதிகமாக விட்டால் பேன்டின் நோக்கமே போகும், காற்றிழுவை கூடும்.

இந்த இடைவெளியைக் குறிக்க ஒரு எளிய உபாயம். 25 மி.மீ. விட்டமுள்ள, நடுவே சின்னத் துளையுள்ள வாஷர் ஒன்றை எடுங்கள். முதல் வெட்டில் வாயைக் குறுகலாகத் திறந்து, பேன்டை மாட்டி, வாஷரின் ஓரம் டயரைத் தொட அதை விளிம்போடு உருட்டுங்கள். துளையில் மார்க்கர் முனையை நுழைத்தபடி உருட்டினால் டயரைச் சுற்றி 12.5 மி.மீ. தள்ளி ஒரே சீரான கோடு விழும். கோட்டிலிருந்து டயர்ப் பக்கமாக அரை நூல் தள்ளி மின்சார டேப் ஒட்டி, டேப்பின் ஓரத்தைப் பார்த்து வெட்டுங்கள். வளைவில் காகித மாஸ்கிங் டேப் மடிப்பு விழும், பிவிசி டேப் இழுத்தபடி வளையும். டேப் ஜெல்கோட்டைப் பிடித்துக்கொள்வதால் தெறிப்பும் குறைகிறது.

துளைகள்

சுருக்கமாக. சாதாரண ட்ரில் பிட் ஃபைபர்கிளாஸைத் துளைத்து முடிக்கும் நொடியில் கவ்வி இழுத்து மறுபக்கத்தைக் கிழிக்கும். படிப்படியாக அகலும் ஸ்டெப் ட்ரில் கிழிக்காமல் வட்டமாக எடுக்கிறது. ஜெல்கோட்டில் முதல் சில சுற்றை ரிவர்ஸில் ஓட்டினால் விளிம்பு தெறிக்காது. ஸ்க்ரூத் துளைகளை ஒரேயடியாக முழு அளவுக்குப் போடாதீர்கள். சிறிய 30ஆம் நம்பர் பிட்டால் எல்லாத் துளையும் போட்டு, கிளிக்கோ என்ற தற்காலிகப் பிடிப்பான்களை மாட்டி, இரண்டு பாதியும் அசையாமல் நிற்கின்றனவா பார்த்து, அதன்பின் 8ஆம் நம்பர் ஸ்க்ரூவுக்கு அதைவிடப் பெரிய 19ஆம் நம்பர் பிட். ஜெல்கோட் இல்லாத பேன்டாக இருந்தால், அலுமினிய பிராக்கெட்டின் துளையைக் கண்டுபிடிக்க உள்ளே ஒரு டார்ச்சை வைத்தாலே போதும், துளை ஒளிப்புள்ளியாகத் தெரியும். ஸ்க்ரூவின் தலை உட்காரக் குழி எடுக்கும் கவுண்டர்சிங்க் பிட்டைப் பொறுத்தவரை பழைய, மழுங்கிய ஒன்றை ஃபைபர்கிளாஸுக்கென்றே ஒதுக்குங்கள். அலுமினியத்துக்கான நல்ல பிட்டை இதில் விட்டால் அன்றோடு அது முடிந்தது.

காற்றடிக்கும் துளை மறந்துபோகும் துளை. 15 மி.மீ. அளவில் ஒன்று போட்டுப் பிளக் செருகினால் பேன்டைக் கழற்றாமல் அழுத்தம் பார்க்கலாம். வால்வு துளைக்கு நேரே வரும் நிலையை டயரின் பக்கத்திலும் பெயின்ட் புள்ளியால் குறித்துவிடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் விமானத்தை முன்னும் பின்னும் தள்ளித் தேட வேண்டியிருக்கும்.

தூள்

மூன்று கருவியும் தூள் கிளப்பும், வைரத் தட்டு அதிகமாக. முகமூடி வெறும் துணி போதாது. துகள் வடிகட்டி போட்ட, முகத்தோடு ஒட்டி நிற்கும் முகமூடி வேண்டும். வெட்டுத்தட்டுக்கு முழு முகக் கவசமும் சேர்த்து. முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டை டேப்பால் ஒட்டுங்கள். தோலில் பட்ட தூளைத் துடைக்காதீர்கள், துடைத்தால் இழை உள்ளே இறங்கி இரண்டு நாள் அரிக்கும். குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள். பாளம் கைக்கருவி என்பதால் தண்ணீர் தெளித்து ஈரத்திலேயே தேய்க்கலாம், தூளே எழும்பாது. மின்கருவியோடு அந்த வேலை வேண்டாம். பாளத்துக்கு இன்னொரு மதிப்பெண்.

விளிம்பை அடைப்பது

எந்தக் கருவியில் வெட்டினாலும் விளிம்பில் இழையின் வாய் திறந்தே இருக்கும். தண்ணீரையும் பிரேக் திரவத்தையும் அது திரிபோல உறிஞ்சும். அசிட்டோனில் துடைத்து உலரவிட்டு, கலந்த எபாக்சியை மெல்லிய பிரஷால் விளிம்பு முழுதும் தடவுங்கள். கெட்டியான பின் பாளத்தின் நைஸ் பக்கத்தால் ஒரு இழுப்பு. பிரேக் தட்டைக் கவ்வும் காலிப்பரை ஒட்டிய உள்விளிம்பில் இது இன்னும் முக்கியம். சிவப்பு ஹைட்ராலிக் எண்ணெய் கசிந்து உறிஞ்சிய ஃபைபர்கிளாஸின் மேல் அப்புறம் எதுவும் ஒட்டாது. பேன்டுக்குள் பிரேக்குக்குக் காற்றோட்டமும் குறைவு, எண்ணெயும் சூடும் சேர்ந்தால் தீப்பிடிக்கலாம். காலிப்பரைச் சுற்றிப் பக்கத்துக்கு 10 மி.மீ. ஆவது காலியாக இருக்கட்டும், பிரேக் குழாய் எங்கும் உரசாமல் ஓடட்டும்.

முதல் சில தரையிறக்கத்துக்குப் பிறகு பேன்டைக் கழற்றி வாயின் உள்விளிம்பைப் பாருங்கள். கறுப்பாக ரப்பர் தடம் இருந்தால் டயர் அங்கே தொட்டிருக்கிறது. தடம் விழுந்த இடத்தை மட்டும் பாளத்தால் இன்னொரு 3 மி.மீ. இறக்கி, எபாக்சி தடவி, மாட்டுங்கள். தடம் பேன்டின் ஒரே பக்கத்தில் மட்டும் இருந்தால் விளிம்பைத் தொடாதீர்கள், பிராக்கெட் வளைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.